கேட்டதும் எழுதியதும்

எங்கள் சந்தில் எதையாவது நிறுத்த வேண்டுமென்றால் அவரிடம்தான் போவார்கள். பேப்பரை நிறுத்த, பால் கார்டை நிறுத்த, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடைத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிடுவதை நிறுத்த, எல்லாவற்றுக்கும் அவருடைய ஜன்னல்தான். அவர் போலீஸ்காரர் இல்லை, கவுன்சிலர் இல்லை. மவுண்ட் ரோடு பக்கம் ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் பண்ணின அக்கிரமத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"செத்துப்போன மனுசன இன்னும் எதுக்குத் திட்டிக்கினு கீற?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது எனக்கு விஷயம் தெரியாது. தெரிந்தபோது அவர் இல்லை. அதனால்தான் இன்னும் திட்டுகிறேன். என் படிப்பை நிறுத்தியது அவர். அது தெரியாமல் ஏழு வருஷம் என்னைப் பெற்றவரைக் குற்றவாளியாக வைத்திருந்தேன். படிப்பு போனதைக்கூட ஒரு நாள் விட்டுவிடுவேனோ என்னவோ, இந்த ஏழு வருஷத்தை விடமாட்டேன்.

பேர் சொல்லப் போவதில்லை. அவருடைய பேரன் பேத்திகள் நல்ல பிள்ளைகள், எங்கேயோ வேலையில் இருக்கிறார்கள். சந்தில் அவருக்குப் பேரும் தேவைப்படவில்லை. சார் என்றால் அவர் ஒருவர்தான்.

மயிலாப்பூர்க் குளத்துக்குத் தெற்கே ஒரு தெரு பிரியும். அதிலிருந்து இன்னொரு தடவை பிரிவது எங்கள் சந்து. முகப்பில் சாருடைய சொந்த வீடு, மாடி வைத்தது. அதைத் தாண்டி உள்ளே வந்தால் வரிசையாக ஏழு ஓட்டு வீடுகள், ஏழுக்கும் ஒரே குழாய். மூன்றாவது வீடு எங்களுடையது. குழாய் சாருடைய ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் அவர் குரல் கேட்காமல் திரும்ப முடியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் திறக்கும். உள்ளே மேஜை, மேஜை விளக்கு, அவர். கம்பிக்கு வெளியே நாங்கள். யாரையும் அவர் உள்ளே கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. வழுவழுவென்று சவரம் செய்த முகம், முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, உப்பில்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி ஒரு பார்வை.

"விஷயம்?" என்பார். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கிடையாது. வந்தவர் சொல்வதை நீளமான நோட்டு ஒன்றில் பென்சிலால் குறித்துக்கொள்வார். பிறகு மைப்பேனாவை எடுத்து வெள்ளைத் தாளில் நிறுத்தாமல் எழுதுவார். எழுதி முடித்ததும் உரக்கப் படிப்பார், இங்கிலீஷிலேயே. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரி தலையை ஆட்டுவார். "கையெழுத்து" என்று சார் தாளின் அடியில் விரலை வைப்பார். விரல் வைத்த இடத்தில் கையெழுத்து விழும்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சாரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவர் காசு வாங்கமாட்டார். தீபாவளிக்குக் கொண்டுபோன இனிப்பைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். வாங்கித் தொலைத்திருந்தால் எங்களுக்கும் கேட்க ஒரு வாய் இருந்திருக்கும்.

அவருக்குப் பிடித்த வார்த்தை ஒன்று உண்டு. அதை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. குழாயடியில் கற்றேன். எனக்குப் பதிமூன்று வயது இருக்கும். டீக்கடைக்காரர் ஒருவர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். கடைக்கு வாங்கும் இங்கிலீஷ் பேப்பரை யாரும் தொடுவதில்லை, நிறுத்திவிடலாம் என்று வந்திருந்தார்.

"ஸ்டாப்புன்னு போடு சார். ஏஜெண்டுக்கு அதான் புரியும்."

"ஸ்டாப் பஸ்ஸுக்கு" என்றார் சார். "பஸ் நின்னா மறுபடி கிளம்பும். சீஸ்னு ஒண்ணு இருக்கு, அது மழை ஓயற மாதிரி, தானா ஓயறது. உனக்கு வேண்டியது டிஸ்கன்டின்யூ. நடந்துக்கிட்டு இருக்கிற ஒண்ணை, அதை நடத்தறவனே, இனிமே வேண்டாம்னு விட்டுடறது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. யாரும் உன்னை நிறுத்தலை, நீயாத்தான் நிறுத்தறே. மரியாதையான வார்த்தை."

டீக்கடைக்காரருக்கு என்ன புரிந்ததோ, பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் டிஸ்கன்டின்யூ, டிஸ்கன்டின்யூ என்று சொல்லிக்கொண்டே போனேன். புத்தி கெட்டவள்.

"எதையும் இழுத்துக்கிட்டே போகக் கூடாது" என்று சார் அடிக்கடி சொல்வார். ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்கு அரிக்கும். மார்கழியில் தெருமுனை பஜனைக் கோஷ்டியின் ஒலிபெருக்கி நின்றது. எங்கள் சந்து வரை வந்துகொண்டிருந்த ஐஸ் வண்டி நின்றது. எல்லாம் அவர் அங்கே இங்கே எழுதிப் போட்ட லெட்டர்கள். சொந்த வீட்டைக்கூட விடவில்லை. அவர் மனைவியை நாங்கள் சார் வீட்டம்மா என்போம். மெலிந்த, அதிகம் பேசாத அம்மாள். மத்தியானம் அடுக்களை வேலை முடிந்ததும் ரேடியோ வைப்பார்கள். சிலோன் ஸ்டேஷனில் சினிமாப் பாட்டு. அந்த ஒரு மணி நேரம் குழாயடியில் சண்டை வராது, எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருப்போம். அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு, வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் புதுப்பிக்க வேண்டும். ஒரு நாள் பாட்டு இல்லை. மறுநாளும் இல்லை. ரிப்பேரா என்று என் அம்மா கேட்டதற்கு, "லைசென்சு வேண்டாம்னு அவர் எழுதிக் குடுத்துட்டாராம்மா. பெட்டியைப் பரண்ல ஏத்தியாச்சு" என்றார்கள் அந்த அம்மாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஒரே ஒரு ஆள்தான் அவரை நேருக்கு நேர் கேட்டது. ஊரூர் குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அடையாறு வழியாக நடந்தே வரும் மீன்காரம்மா. வாரம் மூன்று நாள் எங்கள் சந்துக்கு வரும். நாற்றம் தாங்கவில்லை என்று சார் கார்ப்பரேஷன் சுகாதார ஆபீசுக்கு எழுதினார். இரண்டு ஆட்கள் வந்து, சந்துக்குள் கூடை இறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் மீன்காரம்மா காலிக் கூடையோடு வந்து ஜன்னலுக்கு எதிரே நின்றது.

"இன்னா சார், நம்ப மேல லெட்டர் போட்டியாமே? கடலுக்கு ஒண்ணு போடேன். அலைய நிறுத்தட்டும், பாக்கலாம்!"

குழாயடியே சிரித்தது. சார் ஜன்னலைச் சாத்தினார். கத்தவில்லை, திட்டவில்லை. சத்தமில்லாமல் சாத்தினார். அந்த ஜன்னல் மெதுவாக மூடிக்கொண்டது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. மீன்காரம்மா அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

நன்மை ஒன்றும் செய்யவில்லையா என்றால், ஒன்று செய்தார். ஐந்தாவது வீட்டுக்காரன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பான். சார் அவன் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு லெட்டர் எழுதினார். முதலாளி கூப்பிட்டு என்ன சொன்னாரோ, அடி நின்றது. அந்த அக்கா சாருக்காகக் கோயிலில் விளக்குப் போட்டாள். போடட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

எங்கள் நைனா கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோவில் தச்சு வேலை செய்தவர். செட் போடுகிற வேலை. பிளைவுட்டில் அரண்மனை கட்டுவார், படப்பிடிப்பு முடிந்ததும் அவரே பிரிப்பார். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவர். எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் பாஸ் பண்ணினபோது ஸ்டூடியோவில் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தாராம். மயிலாப்பூரிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. சேர்த்தார். எங்கள் சந்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான், ஆணிலும் பெண்ணிலும். காலையில் நான் புத்தகத்தோடு கிளம்பும்போது குழாயடியில் வழி விடுவார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது.

அந்தத் தலைக்கனத்தில்தான் ஒரு காரியம் நடந்தது. கல்லூரி திறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். இஸ்திரி போடும் அக்கா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பால் கார்டு தூரத்து டெப்போவில் இருந்தது. பக்கத்து டெப்போவுக்கு மாற்றித் தரச்சொல்லி லெட்டர். சார் எழுதி முடித்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீதான் காலேஜ் படிக்கிறியே, இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சி சொல்லேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் விளையாட்டாகக் கம்பிக்குள் கையை நீட்டினேன். சார் தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"மை இன்னும் காயலை" என்றார்.

அவர் கை மையின் மேல்தான் இருந்தது. காயாத மையின் மேல் யாராவது கை வைப்பார்களா? எனக்கு அப்போது தோன்றவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன குரூப்?" என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். அதுதான் அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது.

அடுத்த மாதம் இஸ்திரி அக்காவின் கார்டு ரத்தாகிவிட்டது. பால் டெப்போக்காரன் தலையில் இடி விழ என்று சந்தே சாபம் விட்டது.

மழைக்காலத்தில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணும் நகமும் மஞ்சள். எழுந்து உட்கார முடியவில்லை. நைனாவுக்கு அப்போது இரண்டு ஷிப்ட் வேலை, விட்டால் போய்விடும். கீழாநெல்லி அரைக்கவும் கஞ்சி வைக்கவும் நான்தான் இருந்தேன்.

"ஒரு மாசம் லீவு போட்டுரும்மா" என்றார் நைனா. "சார் கையில எழுதி வாங்கியாரேன்."

"லீவு லெட்டர்தானே நைனா? நானே எழுதறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

"நீ எழுதுனா நீயே எழுதிக்கினன்னு கண்டுபுடிச்சிருவாங்க. பெத்தவன் குடுக்கிற லெட்டரு கெத்தா இருக்க வேணாமா? சார் எழுத்துன்னா ஒரு மதிப்பு."

எங்களைப் போன்றவர்களால்தான் இப்படி ஒரு தப்பைப் பண்ண முடியும். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த பெண் உட்கார்ந்திருக்கிறாள், ஜன்னலில் போய் நிற்கிறோம். நானும் விட்டுவிட்டேன். சார் எழுத்துக்கு மதிப்பு என்று எனக்கும்தான் பட்டது.

நைனா திரும்பி வந்தபோது கையில் ஒட்டின கவர் இருந்தது. "சாரே கோந்து போட்டு ஒட்டிக் குடுத்துட்டாரு" என்றார், கவரைச் சட்டையில் துடைத்துக்கொண்டே. மறுநாள் கோடம்பாக்கம் போகிற வழியில் கல்லூரி ஆபீசில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து, அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் கல்லூரிக்குப் போனேன். வருகைப் பதிவில் மேடம் என் பேரைக் கூப்பிடவில்லை. எழுந்து நின்று கேட்டேன். ஆபீசுக்குப் போகச் சொன்னார். ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு கிளார்க் அம்மாள் ஃபைலைப் பிரித்தார்கள்.

"உங்கப்பாதான் எழுதிக் குடுத்துட்டாரேம்மா. படிப்பை டிஸ்கன்டின்யூ பண்றோம்னு. டி.சி.கூட ரெடியா இருக்கு, யாரும் வாங்க வரலை."

லெட்டரைக் காட்டினார்கள். சாருடைய சாய்ந்த எழுத்து. குடும்ப நிலைமை காரணமாக என் மகளின் படிப்பை நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன், பேரை நீக்கிவிடவும். நான்கே வரி. அடியில் என் நைனாவின் தமிழ்க் கையெழுத்து, குழந்தை எழுதினது மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

பிரின்சிபாலிடம் போய் அழுதேன். என் இடத்துக்கு வேறு பெண்ணைச் சேர்த்தாகிவிட்டது, அடுத்த வருஷம் விண்ணப்பம் போடு என்றார்கள். நல்ல மாதிரிதான் சொன்னார்கள்.

சாயங்காலம் நைனா காலைக் கழுவிவிட்டு உள்ளே வருவதற்குள் கேட்டுவிட்டேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் லீவுதாம்மா கேட்டேன். ஒரு மாசம்."

"கையெழுத்து உன்னுது."

"சார் போடச் சொன்னாரு, போட்டேன்."

நான் நம்பவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா படுத்திருந்தபோது மாமா பார்க்க வந்திருந்தார். ஒரு வரன் இருப்பதாகச் சொன்னார். "படிச்ச வரைக்கும் போதுமான்னு நானும் ரோசன பண்ணிக்கினுதான் கீறேன்" என்று நைனா சொன்னது என் காதில் விழுந்திருந்தது. மச்சானுக்கு மரியாதையாகச் சொன்ன பேச்சு அது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்தப் பேச்சும் இந்தக் கையெழுத்தும் சேர்ந்துகொண்டன.

நைனா அப்படியே ஈரக் காலோடு சாரிடம் போனார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் குழாயடியில் நின்றேன்.

"நீ சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார் சார். குரல் உயரவில்லை. "படிச்சும் காட்டினேன். நீயும் தலையை ஆட்டினே."

"லீவுன்னு..."

"என்ன சொன்னோம்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா? பெண்டாட்டி படுத்துக் கிடக்கா, மனசு ஒரு நிலையிலே இல்லை. இனிமே படிக்க வைக்க முடியாதுன்னு சொன்னே. மறந்துட்டே."

நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் போட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். பேசாமல் திரும்பி வந்ததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவரை நைனா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். "சாப்பாடு இருக்கு." "மழை வருது, குடை." அவ்வளவுதான் பேச்சு. ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவரைப் பேர் வைத்தோ முறை வைத்தோ கூப்பிடாமலே ஏழு வருஷம் ஓட்ட முடியும். எனக்குக் கல் நெஞ்சு. ஓட்டினேன்.

அடுத்த ஜூனில் விண்ணப்பம் போடவில்லை. வீம்பு. நீயே நிறுத்தினாய், நீயே பார் என்கிற வீம்பு. தி.நகரில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, அங்கேயே ஒரு பெரிய ஜவுளிக்கடையின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி, மரியாதையானவர். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாமா என்னைப் பற்றி, "பி.யூ.சி. டிஸ்கன்டின்யூ" என்றுதான் சொல்வார், அதுவும் ஒரு பட்டம் மாதிரி. எத்தனையோ பெண்களைப் பற்றி அப்படிச் சொல்வதுண்டு, படிப்பை அவள் டிஸ்கன்டின்யூ பண்ணிட்டா என்று. அவளா பண்ணினாள்? அந்த வார்த்தைக்குள் பண்ணினவனைத் தேடினால் கிடைக்கமாட்டான்.

சார் ஒரு நாள் ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "டைப் அடிக்கிறியாமே? நல்லது. உனக்கு எது முடியுமோ அது கிடைச்சிருக்கு. எதையும் இழுத்துக்கிட்டே போகக் கூடாது." நான் தலையை ஆட்டினேன். தேங்க்ஸ் சார் என்றும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வாயைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

சார் செத்தது எழுபதுகளின் கடைசியில். காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், சார் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முதல் தடவையாக அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தால் குழாயடியில் நிற்கிற ஒவ்வொரு முகமும் தெரிந்தது.

"நீ டைப் அடிக்கிற பொண்ணுதானேம்மா. எனக்கு ரெண்டு லெட்டர் வேணும். ஒண்ணு, அவர் வாங்கற இங்கிலீஷ் பேப்பரை நிறுத்தணும். அவர் ஒரு வார்த்தை போடுவாரே, அதைப் போட்டுடு. அது போட்டாத்தான் ஒழுங்கா நிக்கும்."

"இன்னொண்ணு?"

அந்த அம்மாள் பரணைப் பார்த்தார்கள். "ரேடியோ லைசென்சு மறுபடி வேணும்னு."

இரண்டையும் எழுதினேன். கையெழுத்துக்கு முன்னால் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "இப்படியெல்லாம்கூடச் சொல்லலாமா?" என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார்கள். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு நோட்டுகளை இழுத்துப் போட்டார்கள். "இதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடலாமான்னு பாரு. முக்கியமா எதாவது இருந்தா எடுத்து வை."

அந்த நீளமான நோட்டுகள்தான். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் தலைப்பு: கேட்டது. வலது பக்கம்: எழுதியது. இடது பக்கம் தமிழில், பென்சிலில். வலது பக்கம் இங்கிலீஷில், மையில். ஆபீஸ் பழக்கம். எதையும் விடாமல் குறித்து வைத்திருந்தார். பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது. அது கண்ணில் பட்டபோது அவர் மேல் ஒரு நிமிஷம் மரியாதைகூட வந்தது.

பிறகு இஸ்திரி அக்காவின் பக்கம் வந்தது. கேட்டது: பால் கார்டைப் பக்கத்து டெப்போவுக்கு மாற்றித் தரவும். எழுதியது: டிஸ்கன்டின்யூ.

காரணம் எதுவும் இல்லை. அவளுக்கு எதற்குப் பால் என்று நினைத்தாரோ, முடியும் என்பதற்காகவே செய்தாரோ. பக்கங்களைத் தள்ளினேன். ஐப்பசி மாதத்தில் நிறுத்தினேன்.

கேட்டது: "மூன்றாம் வீட்டுத் தச்சன். மனைவிக்குக் காமாலை. மகளுக்கு ஒரு மாதம் லீவு வேண்டும். அடுத்த மாதம் கட்டாயம் அனுப்பிவிடுவானாம். பேரை எடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு எழுதச் சொல்கிறான்."

எழுதியது: டிஸ்கன்டின்யூ.

உள்ளங்கை ஞாபகம் வந்தது. காயாத மை ஞாபகம் வந்தது. அந்தச் சந்தில் அவர் லெட்டரைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் ஜன்னலுக்கு வேலையில்லாமல் போயிருக்கும். அதற்காகத்தான் என் நைனாவின் கையாலேயே என்னை நிறுத்தினார். அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். அந்த அம்மாளின் முகத்துக்காக விட்டேன். அவர் செத்தது எனக்குப் போதவில்லை. எழுந்து வந்து இந்தப் பக்கத்தை அவரே உரக்கப் படித்துவிட்டு மறுபடி சாக வேண்டும், தமிழில்.

நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நைனா வாசலில் உட்கார்ந்து ஒரு முக்காலிக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து இடது பக்கத்தை மட்டும் படித்தேன். அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"கெஞ்சிக் கேட்டுன்னு எழுதிக்கீதா?"

"எழுதிக்கீது."

"இன்னொரு தபா படி."

படித்தேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்பக் காதிலேயே வைத்துக்கொண்டார். அவர் சாரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நானே அப்பிடி சொல்லிட்டனோன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேம்மா" என்றார். "வாய் தவறி நாந்தான் சொல்லிட்டனோன்னு."

"நைனா" என்றேன். ஏழு வருஷமாகப் பழக்கம் விட்டுப்போன வார்த்தை.

"இன்னாம்மா" என்றார், நேற்றும் கூப்பிட்டது மாதிரி.